முதலில் புல், பிறகுதான் கொள்ளு: குதிரைத் தீவனத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் திருவிழாச் சந்தை முடிந்த மறுவாரம் எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகள் பெரும்பாலும் ஒரே மாதிரித் தொடங்கும். "அண்ணா, குதிரை வாங்கிவிட்டேன். ஒரு மூட்டை கொள்ளும் இறக்கிவிட்டேன். ஒரு நாளைக்கு எத்தனை படி போடுவது?" நான் உடனே கேட்பது, "புல் எங்கிருந்து வருகிறது?" என்பதுதான். அதற்குப் பெரும்பாலும் பதில் இருக்காது.

காங்கயம் பக்கத்தில் பல ஆண்டுகளாகக் குதிரை வளர்க்கிறேன். புதிதாக வாங்கியவர்களின் லாயங்களுக்குப் போய் உதவியும் செய்கிறேன். நான் பார்த்த வயிற்று வலிகளிலும் கால் முடக்கங்களிலும் பெரும்பாலானவை, செய்ய வேண்டியவற்றை வரிசை மாற்றிச் செய்ததால் வந்தவை. அதனால் கீழே உள்ள படிகளை அதே வரிசையில் செய்யுங்கள். ஒன்றை முடிக்காமல் அடுத்ததற்குத் தாவ வேண்டாம்.

1. குதிரை வருவதற்கு முன்பே தயாராக இருக்க வேண்டியவை

வண்டியிலிருந்து குதிரை இறங்கும் நேரத்தில் இவை லாயத்தில் இருக்க வேண்டும்:

- ஒரு மாதத்துக்கான உலர்புல். 300 கிலோ எடையுள்ள குதிரைக்குச் சுமார் 200 கிலோ.
- ஒரு தொங்கு தராசு.
- கவிழாத கனமான தண்ணீர்த் தொட்டி ஒன்று, 15 லிட்டர் வாளி இரண்டு.
- அயோடின் சேர்க்காத கல் உப்பானாலும் சமையல் உப்பானாலும் இரண்டு கிலோ.
- சுவரில் மாட்டிய ஒரு சிலேட்டும் சாக்கட்டியும்.
- குதிரை பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரின் எண்.

கடைசியாகச் சொன்னது மிக முக்கியம். மாட்டுக்கு நன்றாக மருத்துவம் பார்ப்பவர்கள் எல்லோரும் குதிரைக்கும் பார்த்திருக்க மாட்டார்கள். அவசரம் வந்த இரவில் தேடினால் ஆள் கிடைக்காது. கொங்குப் பகுதியில் இருப்பவர்கள் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போகும் வழியையும், குதிரை ஏற்றக்கூடிய வண்டிக்காரர் ஒருவரையும் முன்பே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. விற்றவரிடம் "இதுவரை என்ன தின்றது, எந்த நேரத்தில், எவ்வளவு?" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அதே தீவனத்தில் பத்து நாளுக்கான அளவை விலைக்கு வாங்கி வாருங்கள். ஏன் என்பதை ஒன்பதாம் படியில் சொல்கிறேன்.

2. அதன் வயிறு மாட்டு வயிறு கிடையாது

குதிரை அசை போடாது. அதற்கு ஒரே ஒரு இரைப்பை. அதுவும் உடம்போடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. வளர்ந்த குதிரைக்கே 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். இரைப்பையில் அமிலம் நாள் முழுவதும் சுரந்துகொண்டே இருக்கும். அதைத் தணிக்கும் உமிழ்நீரோ மெல்லும்போது மட்டுமே சுரக்கும். ஆகவே மெல்ல எதுவும் இல்லாமல் பல மணி நேரம் நிற்கும் குதிரையின் இரைப்பை புண்ணாகிறது.

புல் செரிப்பது பின்பகுதியில்: குருட்டுக்குடலிலும் பெருங்குடலிலும் வாழும் நுண்ணுயிர்கள் நாரை நொதிக்கவைத்துச் சத்தாக மாற்றித் தருகின்றன. ஒரே வேளையில் அதிகத் தானியம் போட்டால், சிறுகுடலில் செரிக்காத மாவுச்சத்து அங்கே போய்விடும். அங்கு அமிலம் பெருகி நல்ல நுண்ணுயிர்கள் மடியும். நச்சுகள் இரத்தத்தில் கலக்கும். அதன் விளைவு கோலிக் எனப்படும் வயிற்று வலியாக வரலாம், லேமினைட்டிஸ் எனப்படும் குளம்பழற்சியாகவும் வரலாம். குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. தவறாகத் தின்றதை வெளியே தள்ள அதற்கு வழியே இல்லை.

இனி வரும் எல்லா விதிகளும் இந்த இரண்டு பத்திகளிலிருந்தே பிறக்கின்றன.

3. எடையை அளந்து எழுதுங்கள்

தீவனக் கணக்கு முழுவதும் உடல் எடையை வைத்துத்தான். கண்ணால் பார்த்துச் சொல்லும் எடை பெரும்பாலும் தவறும். குதிரைக்காரர்களே 50 கிலோ வரை பிசகுவதைப் பார்த்திருக்கிறேன்.

முன்கால்களுக்குப் பின்னால், சேணவார் கட்டும் இடத்தில் மார்பைச் சுற்றி அளக்க வேண்டும். பிறகு தோள்பட்டை முனையிலிருந்து பிட்டத்து எலும்பு முனை வரை நீளத்தை அளக்க வேண்டும். இரண்டும் சென்டிமீட்டரில். தையல் டேப்பின் நீளம் பெரும்பாலும் 150 சென்டிமீட்டர்தான் என்பதால் மார்புக்கு எட்டாது. ஒரு சணல் கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போட்டு, பிறகு கயிற்றை அளந்துகொள்ளுங்கள்.

மார்புச் சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, வந்ததை நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோவில் எடை கிடைக்கும். சுற்றளவு 158, நீளம் 145 என்றால் எடை சுமார் 305 கிலோ. சந்தையில் வாங்கும் கத்தியவாரி, மார்வாரிக் குதிரைகள் பொதுவாக 300 முதல் 400 கிலோ இருக்கும். மட்டக்குதிரைகள் அதற்கும் கீழே.

எடையோடு உடல்வாகையும் பாருங்கள். உங்கள் கையை முஷ்டியாக மடக்கி விரல் முட்டிகளைத் தடவிப் பாருங்கள். குதிரையின் விலா அப்படித் தட்டுப்பட்டால் அது மெலிந்திருக்கிறது. கையை விரித்துப் புறங்கையைத் தடவுவதுபோல் இருந்தால் சரியான உடல்வாகு. உள்ளங்கைச் சதையைத் தொடுவதுபோல் விலாவே தெரியாமல் இருந்தால் கொழுத்திருக்கிறது. கண்ணை நம்பாதீர்கள், அடர்ந்த ரோமம் விலாவை மறைத்துவிடும். மாதம் ஒரு முறை இரண்டு அளவுகளையும் சிலேட்டில் எழுதி, பிறகு நோட்டில் ஏற்றிவிடுங்கள்.

4. தீவனத்தைக் கூட்டும் முன் பல்லும் புழுவும்

குதிரை மெலிந்திருந்தால் எல்லோரும் முதலில் செய்வது கொள்ளைக் கூட்டுவது. அதற்கு முன் வாயைப் பாருங்கள். குதிரையின் பற்கள் வாழ்நாள் முழுவதும் மேலெழுந்து தேய்ந்துகொண்டே இருக்கும். மேல்தாடை அகலம், கீழ்த்தாடை குறுகல் என்பதால் ஓரங்களில் தேயாத கூர்முனைகள் உருவாகிக் கன்னத்தையும் நாக்கையும் கிழிக்கும். அரைகுறையாக மென்ற புல் ஈரமான உருண்டையாகத் தரையில் விழுந்து கிடந்தாலோ, லத்தியில் நீளமான புல்லோ முழுத் தானியமோ அப்படியே வந்தாலோ பல்லில்தான் கோளாறு. மருத்துவர் ஆண்டுக்கு ஒரு முறை அரம் போட்டால் சரியாகும். வலிக்கும் வாயில் எவ்வளவு கொள்ளு கொட்டினாலும் உடம்பில் ஒட்டாது.

புழுவுக்கும் அப்படியே. லத்தி மாதிரியைக் கொடுத்து முட்டை எண்ணிக்கை பார்த்த பிறகு மருந்து கொடுங்கள். தெரிந்தவர் சொன்னார் என்று இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ஒரே மருந்தை ஊற்றிக்கொண்டிருந்தால் புழு அதற்குப் பழகிவிடும்.

5. தண்ணீர்

300 கிலோ குதிரை சும்மா நின்றாலே நாளுக்கு 15 முதல் 25 லிட்டர் குடிக்கும். வெயிலில் வேலை செய்தால் இரண்டு மடங்காகும். உலர்புல்லை அதிகம் தின்னும் குதிரைக்குத் தண்ணீர் குறைந்தால் குடலில் புல் கட்டிப்பட்டு அடைத்துக்கொள்ளும்.

தொட்டியைத் தினமும் கழுவுங்கள். பாசி வாடை அடித்தால் குதிரை குடிக்காமல் நிற்கும். நாம் தாகம் இல்லை என்று நினைத்துக்கொள்வோம். வெயிலில் கிடக்கும் கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியில் பிற்பகல் தண்ணீர் கொதிக்கிறது, நிழலுக்கு மாற்றுங்கள்.

ஓடி வந்த குதிரைக்குத் தண்ணீரே காட்டக் கூடாது என்று ஒரு நம்பிக்கை உண்டு. அது தவறு. நிழலில் நடத்தி, உடம்பில் நீர் ஊற்றிக் குளிரவைத்துக்கொண்டே சில மிடறுகளாக அடிக்கடி குடிக்கவிடுங்கள். தள்ளிப்போட வேண்டியது தானியத்தை. மூச்சு அடங்கி ஒரு மணி நேரம் ஆகும்வரை அது வேண்டாம்.

6. புல்: நாளின் பெரும்பகுதி இதுதான்

ஒரு குதிரை ஒரு நாளில் தின்னும் மொத்த உலர் எடை அதன் உடல் எடையில் சுமார் 2 சதவீதம். அதில் புல் மட்டும் 1.5 சதவீதத்துக்குக் குறையவே கூடாது. 300 கிலோ குதிரைக்கு ஈரம் நீங்கிய கணக்கில் குறைந்தது 4.5 கிலோ, 6 கிலோ என்றால் நிம்மதி. பசும்புல்லில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர் என்பதால் நான்கைந்து கிலோ பசும்புல்லைத்தான் ஒரு கிலோ உலர்புல்லுக்குச் சமமாக எண்ண வேண்டும். "ஒரு கட்டுப் புல் போடுகிறேன்" என்பவர்களின் கட்டைத் தராசில் தூக்கிப் பார்த்தால் ஆறு கிலோ இருக்கும். அதாவது ஒன்றரைக் கிலோ உலர்புல். மீதி நேரம் அந்தக் குதிரை பட்டினி.

*எந்தப் புல்?* கிடைத்தால் அருகம்புல்தான் முதலிடம். தண்டு மெல்லியது, மண் தட்டிக் கொடுத்தால் வீணாகாமல் தின்னும். பூக்கத் தொடங்கும்போது அறுத்து, இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் புரட்டிக் காயவைத்துப் போர் போட்டால் ஆண்டு முழுவதும் கைகொடுக்கும். ஈரம் போகாமல் அடுக்கினால் உள்ளே சூடேறிப் பூஞ்சை பிடிக்கும். கட்டைப் பிரிக்கும்போது சாம்பல் நிறத் தூசி பறந்தால் அதை எருக்குழியில் போடுங்கள். அந்தத் தூசியால் வரும் நாள்பட்ட இருமல் வேலைக் குதிரையை வேலைக்கே ஆகாததாக்கிவிடும்.

*கொழுக்கட்டைப் புல்.* கிளுவை வேலி போட்ட எங்கள் கொறங்காடுகளில், அதாவது மேய்ச்சல் நிலங்களில், விளைவது இதுதான். காங்கயம் மாடுகள் இதைத் தின்று வளர்கின்றன. அதனால் குதிரைக்கும் இதுவே போதும் என்று நாங்களும் நினைத்திருந்தோம். இந்தப் புல்லில் ஆக்சலேட் என்ற பொருள் அதிகம். மாட்டின் முதல் வயிற்று நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்துவிடும். குதிரையில் அது கால்சியத்தைப் பற்றிக்கொண்டு உடம்பில் சேரவிடாமல் செய்துவிடும். கால்சியம் போதாத உடம்பு அதை எலும்பிலிருந்து எடுக்கத் தொடங்கும். எலும்பு பஞ்சுபோலாகி முகம் வீங்கும். கால் மாறி மாறி நொண்டும்.

பக்கத்து ஊரில் ஒரு பெட்டைக்குதிரையைப் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே இரண்டு பக்கமும் எலும்பு புடைத்து, முகம் பெட்டி போல் ஆகியிருந்தது. வளர்த்தவர் அன்போடுதான் வளர்த்தார்: காலை மாலை கோதுமைத் தவிடு, பகல் முழுவதும் கொழுக்கட்டைப் புல் மேய்ச்சல். கெடுதல் செய்தது அந்த இரண்டும் சேர்ந்த சேர்க்கை. தவிட்டின் பங்கை எட்டாம் படியில் சொல்கிறேன். கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லிலும் இதே ஆக்சலேட் சிக்கல் உண்டு. இரண்டையும் விலக்கத் தேவையில்லை. மொத்தப் புல்லில் பாதிக்கு மேல் போகாமல் பார்த்து, கால்சியத்தை ஈடுகட்டினால் போதும்.

*ஈடுகட்டுவது எப்படி?* பெயரிலேயே விடை இருக்கிறது: குதிரை மசால். இந்தப் பயறுவகைத் தீவனத்தில் கால்சியமும் புரதமும் நிறைய. 300 கிலோ குதிரைக்கு உலர்ந்த மசால் நாளுக்கு ஒரு கிலோ, பசுமையாக என்றால் நான்கு கிலோ போதும். இரைப்பை அமிலத்தையும் அது தணிக்கும். அதனால் சவாரிக்கோ ஊர்வலத்துக்கோ கிளம்பும் அரை மணி முன்பு இரண்டு கைப்பிடி மசாலைத் தின்னவைப்பது என் வழக்கம். வெறும் வயிற்றில் ஓடும் குதிரைக்கு அமிலம் மேலே தெறித்துப் புண்ணாகும். தண்ணீர் வசதி இருப்பவர்கள் பத்து சென்ட்டில் மசால் விதைத்துவிடுங்கள்; பல முறை அறுக்கலாம். அதற்காக முழுத் தீவனமும் மசாலாகவே இருக்கக் கூடாது.

*வைக்கோல்.* புரதம் மிகக் குறைவு, சிலிக்கா அதிகம், மெதுவாகத்தான் செரிக்கும். கொழுத்த குதிரைக்கு வாய்க்கு வேலை கொடுக்க ஒரு கிலோ போடலாம். வைக்கோலை மட்டுமே நம்பினால் குடல் அடைப்பு வரும்.

*சோளத்தட்டு.* இளம் பச்சைச் சோளத்தைக் குதிரைக்குக் காட்டவே வேண்டாம். அதில் உள்ள சயனைடு சேர்மங்கள் நாள்பட உள்ளே போனால் பின்னங்கால் தள்ளாடும், சிறுநீர் தன்னறியாமல் சொட்டும். அது திரும்பக் குணமாவது அரிது.

புல்லை இயந்திரத்தில் வெட்டினால் இரண்டு அங்குலத்துக்குக் குறையாமல் வெட்டுங்கள். பொடியாக்கினால் மெல்லாமல் விழுங்கிவிடும், தொண்டை அடைக்கும். புல்வெளியில் இயந்திரம் வெட்டிய ஈரப் புல் துகளையும் கொடுக்காதீர்கள். குவியலாகக் கிடக்கும்போதே அது புளிக்கத் தொடங்கிவிடும்.

7. கொள்ளும் தானியமும்: வேலைக்கு ஏற்ற கூலி

இந்தப் படிக்கு எல்லோரும் முதல் நாளே வர விரும்புவார்கள். வேலை இல்லாமல் நிற்கும், உடல்வாகு சரியாக உள்ள குதிரைக்குத் தானியமே தேவையில்லை. நல்ல புல், மசால், உப்பு, தாது உப்பு இவையே போதும். தினம் ஒரு மணி நேரம் நடைச் சவாரி போகும் குதிரைக்கும் ஏறத்தாழ அப்படித்தான்.

தினமும் ஓட்டம், வண்டி இழுப்பு, நீண்ட சவாரி என்று வேலை செய்யும் 300 கிலோ குதிரைக்கு நான் கொடுப்பது: முக்கால் கிலோ ஓட்ஸ் அல்லது உடைத்த பார்லி, அரைக் கிலோ கொள்ளு. கொள்ளின் எடை ஊறப்போடும் முன் உள்ள எடை. இதையும் மூன்று வேளையாகப் பிரித்துத்தான். ஒரு வேளைக்கு ஒரு கிலோவைத் தாண்டக் கூடாது என்பதை லாயத்துச் சுவரில் எழுதி வையுங்கள். காரணத்தை இரண்டாம் படியில் பார்த்தோம்.

படியால் அளக்காதீர்கள். ஒரு படி மக்காச்சோளம் ஒரு படி ஓட்ஸைவிட மிகவும் கனம், மாவுச்சத்தும் அதிகம். ஓட்ஸ் தீர்ந்த நாளில் "அதே அளவு மக்காச்சோளம்" என்று மாற்றிய ஒருவரின் குதிரை, மூன்றாம் நாள் முன்கால்களை முன்னே நீட்டி உடம்பைப் பின்னால் சாய்த்தபடி அசையாமல் நின்றது. குளம்பில் கை வைத்தால் சூடு. அந்தக் குதிரை உயிர் பிழைத்தது, ஓட்டம் திரும்பவில்லை.

கொள்ளைப் பக்குவம் செய்யும் முறை இது. கல், மண் நீக்கிக் கழுவி முதல் நாள் இரவே ஊறப்போடுங்கள். எட்டு முதல் பத்து மணி நேரம் போதும். காலையில் ஊறிய தண்ணீரைக் கீழே கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்தினால் தோல் வழுக்கி மாவாக நசுங்க வேண்டும், அதுதான் பதம். வேகவைக்காத கொள்ளில் புரதம் செரிப்பதைத் தடுக்கும் பொருட்கள் உண்டு. வேகும்போது அவை அழிந்துவிடும். ஆறிய பிறகு உப்பு கலந்து, ஒரு கைப்பிடி நறுக்கிய உலர்புல்லும் சேர்த்துக் கொடுங்கள். புல் கலந்தால் அள்ளி விழுங்காமல் மென்று தின்னும்.

சித்திரை வெயிலில் காலையில் வெந்த கொள்ளு மாலைக்குள் புளித்துவிடும். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்துப் புளிப்பு வாடை வந்தால் கொட்டிவிடுங்கள். ஐம்பது ரூபாய்க் கொள்ளுக்காகக் குதிரையைப் பணயம் வைக்க வேண்டாம்.

மெலிந்த குதிரைக்குத் தானியத்தைக் கூட்டுவதைவிட எண்ணெய் நல்லது. கடலை எண்ணெயோ தவிட்டெண்ணெயோ நாளுக்கு 20 மில்லியில் தொடங்கி, இரண்டு வாரத்தில் 150 மில்லி வரை போகலாம். மாவுச்சத்து இல்லாமலே சக்தி கிடைக்கும்.

எலும்பும் தோலுமாகச் சந்தையிலிருந்து மீட்டு வந்த குதிரை என்றால் கணக்கே வேறு. அதற்கு முதல் வாரம் தானியம் ஒரு பிடிகூட வேண்டாம். நீண்ட பட்டினிக்குப் பின் வரும் மாவுச்சத்து, இரத்தத்தில் உள்ள பாஸ்பரஸையும் பொட்டாசியத்தையும் திடீரென இறக்கி இதயத்தை நிறுத்திவிடக்கூடும். மசாலை அரைக் கிலோ அளவில் நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை கொடுத்து, மருத்துவர் மேற்பார்வையில் மெதுவாகக் கூட்டுங்கள். பசியோடு பார்க்கும் கண்ணைக் கண்டு மனம் இளகி வாளி நிறையக் கொள்ளு வைப்பவர்களே அதிகம். அந்த இரக்கம் புரிகிறது. ஆனாலும் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்.

மட்டக்குதிரைக்காரர்களுக்கு ஒரு சொல். மட்டம் காற்றைக் குடித்தே கொழுக்கும் சாதி. பிடரி தடித்துக் கெட்டியாகிவிட்டால் அடுத்தது குளம்பழற்சிதான். தானியம் வேண்டாம், வெல்லம் வேண்டாம்.

8. உப்பும் தாது உப்பும்

குதிரையின் வியர்வை மனித வியர்வையைவிட உப்பு மிகுந்தது. வேலை முடிந்து காய்ந்த முதுகில் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருப்பது அதுதான். 300 கிலோ குதிரைக்குச் சாதாரண நாளில் 15 முதல் 20 கிராம் உப்பு, வியர்க்க உழைத்த நாளில் இரண்டு மடங்கு. உப்புக் கட்டியைத் தொங்கவிட்டாலும் பல குதிரைகள் போதிய அளவு நக்குவதில்லை. தூளாகத் தீவனத்தில் கலப்பதே உறுதி. பக்கத்தில் தண்ணீர் கட்டாயம் இருக்க வேண்டும்.

மொத்தத் தீவனத்தில் கால்சியம் பாஸ்பரஸைவிடக் குறையக் கூடாது. ஒன்றரை மடங்கு இருந்தால் நல்லது. தவிட்டில் பாஸ்பரஸ் கால்சியத்தைவிடப் பல மடங்கு. வாரத்துக்கு ஒரு நாள் தவிட்டுக் கஞ்சி என்ற பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். ஒரு நாள் மட்டும் தீவனம் மாறுவதே குடலுக்குத் தொந்தரவு.

தாது உப்புக் கலவை வாங்கும்போது குதிரைக்கென்று செய்ததைக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் மாட்டுக் கலவையின் உறையை மருத்துவரிடம் காட்டி அளவு கேளுங்கள். செலினியம் உள்ள இரண்டு கலவைகளைச் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள். அதில் தேவைக்கும் நஞ்சுக்கும் இடைவெளி சிறியது.

9. முதல் பதினான்கு நாட்கள்

குடலில் உள்ள நுண்ணுயிர்கள் பழைய தீவனத்துக்குப் பழகியவை. புதியதற்குப் பழக இரண்டு வாரம் வேண்டும். விற்றவரிடமிருந்து பத்து நாள் தீவனம் வாங்கச் சொன்னது இதற்காகத்தான்.

முதல் மூன்று நாள் முழுக்கப் பழைய தீவனம். நான்காம் நாள் கால் பங்கு புதியது. ஏழாம் நாள் பாதி. பத்தாம் நாள் முக்கால். பதினான்காம் நாள் முழுவதும் புதியது. இடையில் லத்தி இளகினால் ஒரு படி பின்னால் போய் இரண்டு நாள் நில்லுங்கள்.

உலர்புல்லை மாற்றினாலும் இதே விதி. ஒரு போர் தீரும் முன்பே அடுத்த போரிலிருந்து கலக்கத் தொடங்குங்கள். ஐப்பசி மழைக்குப் பிறகு தழைத்த மேய்ச்சலில் விடும்போதும் முதல் நாள் அரை மணி, பிறகு தினம் அரை மணி கூட்டிச் செல்லுங்கள்.

10. ஒரு நாளின் ஒழுங்கு

என் லாயத்தில் காலை ஐந்தரைக்கு முதலில் ஒன்றரைக் கிலோ உலர்புல். அரை மணி கழித்துத்தான் தானியம். புல் தின்ற வயிற்றுக்குத் தானியம் மெதுவாக இறங்கும். பத்து மணிக்குப் பசும்புல், நான்கு மணிக்கு மசால், மாலை ஆறரைக்கு இரண்டாம் தானியம், இரவு எட்டரைக்கு மூன்றாவது. பிறகு நாளின் மிகப் பெரிய பங்கு உலர்புல்லை இராத்திரிக்கு விட்டுவிடுவேன். புல் செரிக்கும்போது உடம்பில் சூடு பிறக்கும்; கோடையில் இரவுக் குளிரில் தின்பது குதிரைக்கு இதமாக இருக்கும். படுக்கப் போகும் முன் லாயத்தின் அருகே ஒரு நிமிடம் நின்று கேளுங்கள். இருட்டில் அந்தச் சீரான "கறுக் கறுக்" ஓசை கேட்டால் எல்லாம் சரியாக இருக்கிறது.

மண் தரையில் தீவனம் கொட்டாதீர்கள். மண் குடலில் தங்கிச் சேரும். சந்தேகம் இருந்தால் ஒரு பிடி லத்தியைக் கண்ணாடிக் குடுவைத் தண்ணீரில் கரைத்துப் பத்து நிமிடம் வையுங்கள். அடியில் மணல் படிந்தால் தீவனத் தொட்டியை மாற்றுங்கள்.

11. ஒருபோதும் கொடுக்கக் கூடாதவை

*கோழித் தீவனம்.* பல்லடம், நாமக்கல் பக்கம் இது மலிவாகக் கைக்குக் கிடைக்கிறது. கோழிகளின் இரத்தக்கழிச்சலைத் தடுக்க இதில் சேர்க்கப்படும் மொனன்சின், சாலினோமைசின் போன்ற மருந்துகள் மிகக் குறைந்த அளவிலேயே குதிரையின் இதயத்தசையை அழிக்கும். மாற்று மருந்து கிடையாது. மாட்டுத் தீவனத்திலும் மொனன்சின் இருக்கலாம். குதிரைத் தீவனத்தை அரைக்கும் ஆலையில் கோழித் தீவனமும் அரைக்கிறார்களா என்று கேளுங்கள்.

*ஆமணக்கு.* விதையும், உரமாகப் போடும் ஆமணக்குப் புண்ணாக்கும் கொடிய நஞ்சு. உர மூட்டையை லாயத்தின் அருகே வைக்காதீர்கள்.

*அரளி.* கோயிலிலும் வீட்டு வாசலிலும் அழகுக்காக நிற்பது. சில இலைகளே ஒரு குதிரையைக் கொல்லும். காய்ந்த இலையும் அப்படியே.

*பூஞ்சை பிடித்த மக்காச்சோளமும் கடலைப் புண்ணாக்கும்.* முந்தையது மூளையைத் தாக்கும், பிந்தையது கல்லீரலை.

*பிரசாதமும் விருந்துச் சோறும்.* ஊர்வலக் குதிரைக்குப் பொங்கல், லட்டு, வாழைப்பழச் சீப்பு என்று பக்தியோடு ஊட்டுவார்கள். மறுக்கச் சங்கடமாக இருந்தால் நீங்களே ஒரு பையில் நீளவாக்கில் கீறிய கேரட் கொண்டுபோய் அவர்கள் கையில் கொடுங்கள். ஊட்டும் ஆசையும் நிறைவேறும், குதிரையும் தப்பும். வட்டமாக நறுக்கினால் தொண்டையில் அடைக்கும்.

12. தினமும் பார்க்க வேண்டியதும், வயிற்று வலி வந்தால் செய்ய வேண்டியதும்

நலமான குதிரை நாளுக்கு 8 முதல் 12 முறை லத்தி போடும். உருண்டைகள் ஈரமாக, தரையில் விழுந்தால் லேசாக உடைய வேண்டும். காலையில் அள்ளும்போது எண்ணிச் சிலேட்டில் எழுதுங்கள். தின்ற அளவையும் எழுதுங்கள். எண்ணிக்கை பாதியாகக் குறைந்தால் வலி தொடங்கும் முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

தரையைக் காலால் பறிப்பது, திரும்பித் திரும்பி விலாவைப் பார்ப்பது, மேலுதட்டைச் சுருட்டுவது, படுத்து எழுந்து புரள்வது ஆகியவை கோலிக்கின் அடையாளங்கள். உடனே தீவனத்தை எல்லாம் அகற்றுங்கள். மருத்துவரை அழையுங்கள். தாடை எலும்பின் உள்பக்கம் ஓடும் இரத்தக்குழாயில் விரல் வைத்து 15 விநாடி நாடியை எண்ணி நான்கால் பெருக்குங்கள். ஓய்வில் 28 முதல் 44 வரை இயல்பு. 60-ஐத் தாண்டினால் அதைத் தொலைபேசியிலேயே சொல்லுங்கள். மருத்துவர் வேகம் கூட்டுவார்.

புரள முயன்றால் மெதுவாக நடத்துங்கள். சோர்ந்து விழும் அளவுக்கு இழுக்க வேண்டாம். அமைதியாகப் படுத்திருந்தால் படுக்கவிடுங்கள். பாட்டிலில் விளக்கெண்ணெய், இஞ்சிச் சாறு, சோடா என்று எதையும் வாயிலோ மூக்கிலோ ஊற்றாதீர்கள். நுரையீரலுக்குள் போய்விட்டால் வயிற்று வலியோடு நிமோனியாவும் சேரும். வீட்டில் இருக்கும் வலி மாத்திரையும் வேண்டாம். வலி மறைந்தால் மருத்துவருக்குக் கோளாறு எங்கே என்று தெரியாமல் போகும்.

மருத்துவர் லாயத்துக்குள் நுழைந்ததும் இரண்டு கேள்விகள் கேட்பார்: கடைசியாக லத்தி போட்டது எப்போது, கடைசியாகத் தின்றது என்ன. பதற்றத்தில் எதுவும் நினைவுக்கு வராது. சிலேட்டைக் கழற்றி அவர் கையில் கொடுங்கள்.